கடைவீதிக்கென்று ஒரு கல்லா

வேளச்சேரியிலிருந்து தாம்பரம் போகும் சாலையும் சோழிங்கநல்லூர்ச் சாலையும் மாம்பாக்கம் சாலையும் கூடுகிற இடம் மேடவாக்கம். கீழ்க்கட்டளைப் பக்கமிருந்து வரும் மெயின் ரோடு கூட்ரோட்டில் வந்து சேர்ந்துகொள்கிறது. நகைக்கடை, ஜவுளிக்கடை, மருந்துக்கடை, செல்போன் கடை, பிரியாணிக்கடை என்று ஷட்டரோடு ஷட்டர் ஒட்டி நிற்கிறது கடைவீதி. பெரும்பாக்கத்திலும் சித்தாலப்பாக்கத்திலும் அடுக்குமாடிகள் எழ எழ, இங்கே வந்து பொருள் வாங்கும் கூட்டமும் பெருகிக்கொண்டே போகிறது.

இந்த வீதி யாருடையது என்று கேட்டால் ஒரே வரியில் பதில் சொல்ல முடியாது. தார்ச் சாலையும் மேம்பாலமும் மாநில நெடுஞ்சாலைத் துறையிடம். மெட்ரோ தூண்களும் அவற்றைச் சுற்றி அடைத்த தகரத் தடுப்புகளும் சென்னை மெட்ரோ ரயில் நிறுவனத்திடம். மின்கம்பம் மின்வாரியத்திடம். போக்குவரத்து தாம்பரம் காவல் ஆணையரகத்திடம். கட்டட அனுமதிக்கு சிஎம்டிஏ. குப்பையும் தெருவிளக்கும் ஊராட்சியிடம். 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது, மேடவாக்கம் அதற்குள் வரவில்லை; ஊராட்சியாகவே நின்றது. இத்தனை அலுவலகங்கள் இருந்தும், கடைவீதியை ஒரே வீதியாகப் பார்த்து, காலையில் எப்படி இருந்தது, இரவில் எப்படி இருந்தது என்று கணக்கு வைக்கும் பொறுப்பு ஒருவரிடமும் இல்லை.

உலகின் பல நகரங்கள் இந்த இடைவெளியை நிரப்ப ஓர் ஏற்பாட்டைக் கண்டுபிடித்திருக்கின்றன. வணிக மேம்பாட்டு வட்டாரம் என்று அதைச் சொல்லலாம். வணிகர்களே தங்கள் தெருவுக்கு ஓர் எல்லை வகுத்து, தங்கள்மேல் தாங்களே ஒரு கூடுதல் வரியை ஏற்றுக்கொண்டு, அந்தப் பணத்தை அந்த எல்லைக்குள்ளேயே செலவிடும் முறை இது. அது பிறந்த கதையைக் கேட்டால், மேடவாக்கத்தின் இன்றைய கதையை வேறு ஊர்ப் பெயரில் கேட்பதுபோல இருக்கும்.

கனடாவின் டொராண்டோ நகரில் புளூர் வெஸ்ட் வில்லேஜ் என்றொரு கடைவீதி. 1964இல் நகரத்தின் வடக்கே யார்க்டேல் என்ற பெரிய மால் திறந்தது. 1968இல் பாதாள ரயில் அந்தப் பகுதி வரை நீண்டது. அதுவரை டிராமில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகக் கடைகளைப் பார்த்துக்கொண்டே போனவர்கள் பூமிக்கு அடியில் போக ஆரம்பித்தார்கள். வியாபாரம் படுத்தது. வணிகர்கள் சங்கம் வைத்துச் சந்தா வசூலித்துப் பார்த்தார்கள். கொடுத்தவர் கொடுத்தார், கொடுக்காதவர் கொடுக்கவில்லை. ஆனால் போட்ட விளக்கின் வெளிச்சம் இருவர் கடை வாசலிலும் ஒன்றாகத்தான் விழுந்தது. அதனால், எல்லோரும் செலுத்தியே ஆகவேண்டும் என்று சட்டம் போடும்படி அவர்களே அரசிடம் கேட்டார்கள். ஒன்டாரியோ மாகாணம் 1969 இறுதியில் சட்டத்தில் அதற்கு இடம் தந்தது. 1970இல் உலகின் முதல் வணிக மேம்பாட்டு வட்டாரம் அங்கே உருவானது. இன்று டொராண்டோவில் மட்டும் எண்பதுக்கும் மேற்பட்ட வட்டாரங்கள் இருக்கின்றன.

மேடவாக்கத்துக்கும் மால் வந்துவிட்டது. வேளச்சேரியில் ஃபீனிக்ஸ் மார்க்கெட்சிட்டி 2013இலேயே திறந்தாயிற்று. 2022 மே மாதம், இரண்டு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான மேம்பாலம் திறக்கப்பட்டு, நேரே போகும் வண்டிகள் தலைக்கு மேலே போய்விட்டன. இப்போது மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தில் மாதவரம் – சோழிங்கநல்லூர் வழித்தடம் இந்த ஊர் வழியாக வருகிறது. கூட்ரோட்டில் ஒரு நிலையம், சந்திப்பில் ஒரு நிலையம். டொராண்டோவைப் போல அல்லாமல் இங்கே ரயில் உயரத்தில் ஓடும். படி இறங்குகிறவர் நேராகக் கடைவீதியில்தான் காலை வைப்பார். அவர் நடக்க நடைபாதை இருக்குமா, வெளிச்சம் இருக்குமா, சாக்கடை மூடியிருக்குமா என்பதில்தான் அந்தத் தெருவின் அடுத்த முப்பது ஆண்டு வியாபாரம் இருக்கிறது.

ஏற்பாடு எப்படி நடக்கிறது? முதலில் சில வணிகர்கள் கூடி வரைபடத்தில் எல்லை போடுகிறார்கள். பிறகு ஒரு திட்டம்: என்னென்ன வேலை, எவ்வளவு செலவு, யார் எவ்வளவு கட்டுவது, எத்தனை ஆண்டு. அது எல்லைக்குள் இருக்கும் அனைவரிடமும் போகிறது. ஒப்புதல் கிடைத்தால் நகராட்சி சட்டபூர்வமாக அறிவிக்கிறது. வரியை வசூலிப்பது நகராட்சிதான்; சொத்து வரி ரசீதோடு சேர்த்து வாங்கி, வட்டாரத்தின் நிர்வாகக் குழுவிடம் கொடுத்துவிடுகிறது. கட்டாதவர்மேல் நடவடிக்கை எடுக்கும் அதிகாரமும் நகராட்சியிடமே. வணிகர்களின் கையில் இருப்பது செலவு. இந்தப் பிரிவினைதான் முழு ஏற்பாட்டின் அச்சு. வசூலிக்கும் அதிகாரம் தனியாரிடம் போனால் அது மாமூல் ஆகிவிடும். செலவு அரசுப் பொதுக் கணக்கில் கரைந்தால் தெருவுக்குப் பயன் இல்லை.

ஒப்புதல் வாங்கும் முறை நாட்டுக்கு நாடு மாறுகிறது. இங்கிலாந்தில் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வாக்கெடுப்பு நடக்கும். முதல் வட்டாரம் 2005 ஜனவரியில் தென்மேற்கு லண்டனின் கிங்ஸ்டனில் தொடங்கியது. இப்போது பிரிட்டனில் முந்நூறுக்கும் மேல். அங்கே வெல்ல இரட்டைப் பெரும்பான்மை வேண்டும். வாக்களித்த கடைகளின் எண்ணிக்கையிலும் பாதிக்கு மேல். அவற்றின் வரி மதிப்பிலும் பாதிக்கு மேல். பத்துப் பெரிய கடைகள் சேர்ந்து நூறு சின்னக் கடைகளை மிரட்ட முடியாது, நூறு சின்னக் கடைகள் சேர்ந்து பத்துப் பெரிய கடைகளின் தலையில் சுமையைக் கட்டவும் முடியாது. அனுமதி ஐந்து ஆண்டுக்குத்தான். அதன் பிறகு மறுபடி வாக்குக் கேட்க வேண்டும். தோற்றால் கடையைக் கட்டவேண்டியதுதான். இதுவரை உலகம் கண்ட ஏற்பாடுகளில் நியாயத்துக்கு மிக அருகில் இருப்பது இந்த விதி.

நியூயார்க் வேறு வழி. அங்கே தனி வாக்கெடுப்பு இல்லை, ஆட்சேபம் கேட்கிறார்கள். சொத்து உரிமையாளர்களில் 51 சதவீதத்தினரோ, மொத்தச் சொத்து மதிப்பில் 51 சதவீதத்தை வைத்திருப்பவர்களோ எழுத்தில் எதிர்த்தால் திட்டம் நிற்கும். இல்லையென்றால் நகர மன்றம் நிறைவேற்றலாம். நிர்வாகக் குழுவில் உரிமையாளர்களுக்கே பெரும்பான்மை. மேயர் தரப்பில் ஒருவர், தணிக்கைத் தலைவர் தரப்பில் ஒருவர் என்று அரசுக்கும் இடம் உண்டு. டைம்ஸ் சதுக்கத்தைத் தேற்றிய அமைப்பு 1992இல் இப்படி உருவானதுதான்.

அங்கேயே பிரையன்ட் பார்க் என்ற பூங்கா போதைப்பொருள் விற்பவர்களின் இடமாகி, 1988இல் மூடிச் சீரமைத்து 1992இல் மறுபடி திறக்கப்பட்டது. சுற்றியுள்ள கட்டடங்களின் கூடுதல் வரி, உணவகக் குத்தகை, விழாக்களின் வருமானம் ஆகியவற்றில் அது ஓடுகிறது. வரி விதை நெல்லாக இருந்து, இடம் நன்றானதும் இடமே சம்பாதிக்கத் தொடங்கிய கதை அது.

யார் கட்டுவது என்ற கேள்வி மேலோட்டமாகப் பார்த்தால் சிறியது. மேடவாக்கத்துக்கு அதுதான் பெரியது. நியூயார்க்கில் கட்டட உரிமையாளர் கட்டுகிறார். இங்கிலாந்தில் கடை நடத்துபவர். டொராண்டோவில் வணிகச் சொத்தின்மேல் வரி விழுகிறது; குத்தகைப்படி அந்த வரியைச் சுமக்கும் கடைக்காரருக்கும் கூட்டத்தில் வாக்கு உண்டு. நம் கடைவீதிகளில் ஷட்டர் ஒருவருடையது, வியாபாரம் இன்னொருவருடையது. அட்வான்ஸ் கொடுத்து, பதினொரு மாத ஒப்பந்தத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் தெருவை அழகாக்கப் பணம் கேட்டால், அழகான பிறகு வாடகை ஏறுவதும் அவர் தலையில்தான். உரிமையாளரை விட்டுவிட்டுக் கடைக்காரரிடம் மட்டும் வசூலிக்கும் எந்த முறையும் இங்கே அநியாயமாகவே முடியும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கூட்ரோட்டிலிருந்து சந்திப்பு வரை முந்நூறு கடைகள் என்று வைத்துக்கொள்வோம். கடைக்கு மாதம் ₹500. ஆண்டுக்கு ₹18 லட்சம். ஒருவருக்கு மாதம் ₹15,000 என்று எட்டுப் பேரை இரண்டு வேளைத் துப்புரவுக்கு அமர்த்தினால் ₹14.4 லட்சம். மிச்சம் ₹3.6 லட்சத்தில் விளக்கு, குப்பைத் தொட்டி, வண்டி நிறுத்தக் கோடு. பாதிப் பேர் கட்டவில்லை என்றால் கையில் ₹9 லட்சம். ஐந்து பேர் கூலிக்கே சரி. அடுத்த ஆண்டு, கட்டிய பாதியில் இன்னும் கொஞ்சம் பேர் நின்றுகொள்வார்கள். கடைவீதிச் சங்கங்கள் உற்சாகமாகத் தொடங்கி, தீபாவளிக்கு சீரியல் விளக்குப் போட்டு, மூன்றாம் ஆண்டில் ஓய்ந்துபோவதற்குச் சோம்பல் காரணமல்ல. கட்டாதவரைக் கட்டவைக்கும் வழி சங்கத்திடம் இல்லை.

தமிழ் வணிகர்களுக்கு இந்தச் சிந்தனை வெளியூர்ச் சரக்கு அல்ல. சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலைக் கோயிலில் 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர் கூடி, உப்பு, மிளகு, பாக்கு, நூல், இரும்பு என்று சரக்கு வாரியாக இவ்வளவு பங்கு கோயிலுக்கு என்று தங்களுக்குத் தாங்களே விதித்துக்கொண்டதை அது பதிவுசெய்கிறது. 19ஆம் நூற்றாண்டில் விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை, திருமங்கலம் போன்ற ஊர்களில் நாடார் வணிகர்கள் மகமை முறையை வலுவாகக் கட்டினார்கள். கொள்முதலிலும் விற்பனையிலும் ஒரு சிறு பங்கைப் பொதுநிதிக்கு எடுத்துவைப்பது. அந்த நிதியில் பேட்டைகளும் கிணறுகளும் கோயில்களும் பள்ளிகளும் எழுந்தன. காமராஜர் படித்த விருதுநகர் சத்திரிய வித்யாசாலை அந்த மரபில் வந்த பள்ளி.

மகமை கட்டாயமாக இருந்தது. சட்டம் கட்டாயப்படுத்தவில்லை, உறவுமுறை கட்டாயப்படுத்தியது. கட்டாதவருக்கு ஊரில் முகம் கிடையாது. அந்த வலிமையே அதன் எல்லையும்கூட. ஒரே சாதிக்குள் நின்ற நிதி அது. மேடவாக்கத்து வீதியில் தென்மாவட்டத்து மளிகைக்காரர், ராஜஸ்தான் அடகுக்கடைக்காரர், கேரளத்து பேக்கரிக்காரர், பெரிய நிறுவனத்தின் கிளை மேலாளர் எல்லோரும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறார்கள். அவர்களை இணைக்கும் உறவுமுறை எதுவும் இல்லை. ஒரே தெருவில் கடை வைத்திருப்பது ஒன்றுதான் பொது. சாதியின் இடத்தில் தெருவை வைத்து, உறவுமுறையின் இடத்தில் சட்டத்தை வைத்தால் கிடைப்பதுதான் டொராண்டோ முறை. மகமை கொடுத்துப் பழகிய மண்ணில் பணம் எடுக்க மனம் வராது என்று சொல்வதை ஏற்க முடியாது.

சிங்கப்பூர்த் தமிழர்களிடம் ஒரு நடுவழி காணலாம். 2000இல் தொடங்கிய லிட்டில் இந்தியா கடைக்காரர், மரபுடைமைச் சங்கம் சிராங்கூன் சாலையின் தீபாவளி ஒளியலங்காரத்தையும் பொங்கல் விழாவையும் முன்னின்று நடத்துகிறது. அது சங்கம்தான், வரி விதிக்கும் அமைப்பல்ல. 2017இல் சிங்கப்பூரின் நகரச் சீரமைப்பு ஆணையம் வேறு சில வட்டாரங்களில் வணிக மேம்பாட்டு முறையைச் சோதனையாகத் தொடங்கியது. உறுப்பினர்கள் போடும் ஒவ்வொரு டாலருக்கும் ஓர் உச்சவரம்பு வரை அரசு ஒரு டாலர் போடும். அரசு கூடப் போட முன்வரும்போது, தயங்கி நிற்கிற கடைக்காரருக்கும் கை நீள்கிறது.

இந்தியாவில் இதற்கு மிக அருகே வந்திருப்பவை கடைவீதிகள் அல்ல, தொழிற்பேட்டைகள். ஹைதராபாத்தில் தொழிற்பகுதி உள்ளாட்சி ஆணையம் என்ற ஏற்பாடு இருக்கிறது. எல்லைக்குள் வசூலாகும் சொத்து வரியில் 35 சதவீதம் உள்ளாட்சி அமைப்புக்குப் போகிறது. மீதி 65 சதவீதம் அந்தப் பகுதியின் சாலைக்கும் விளக்குக்கும் நிற்கிறது. பெங்களூரு எலக்ட்ரானிக்ஸ் சிட்டியில் 2013இல் அமைந்த தொழில்நகரிய ஆணையமும் இந்த வகைதான். வரியில் ஒரு பங்கு சுற்றியுள்ள ஊராட்சிகளுக்கு. இரண்டிலும் புது வரி எதுவும் ஏறவில்லை; இருக்கிற வரியே தெருவில் தங்குகிறது. தொழிற்சாலைகளுக்கு இது வசதி. ஆனால் ஊராட்சியின் பார்வையில் கொழுத்த வருமானம் கைவிட்டுப் போகிறது. மேடவாக்கம் ஊராட்சியின் உட்தெருக்களில் வசிப்பவர்களின் குடிநீருக்கும் சாக்கடைக்கும் மெயின் ரோட்டுக் கடைகளின் வரியும் சேர்ந்துதான் செல்கிறது. அதைப் பிய்த்து வீதிக்குக் கொடுப்பது தவறு. கூடுதலாகக் கட்டுவதுதான் முறை.

சென்னையிலேயே வணிகர்கள் பராமரிப்புக்குத் தனிக் கட்டணம் கட்டும் பெரிய இடம் கோயம்பேடு. கொத்தவால் சாவடியிலிருந்து காய்கறி வணிகத்தை வெளியே கொண்டுவர 1996இல் தனிச் சட்டமே போட்டார்கள். 295 ஏக்கரில் அமைந்த அந்த வளாகத்தைச் சந்தை நிர்வாகக் குழு நடத்துகிறது. கடைக்காரர்கள் பராமரிப்புக் கட்டணம் செலுத்துகிறார்கள். சட்டம், எல்லை, கட்டணம், குழு நான்கும் அங்கே இருக்கின்றன. ஆனால் கடிவாளம் அரசின் கையில். கட்டுகிறவரிடம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை வேண்டுமா வேண்டாமா என்று கேட்கும் வாக்கெடுப்பு அங்கே கிடையாது.

தியாகராய நகர் பாண்டி பஜார் மறுகோடி. 2019 நவம்பரில் ஸ்மார்ட் சிட்டி திட்டப் பணத்தில் அகலமான நடைபாதையோடு அந்த வீதி திறக்கப்பட்டது. குழந்தையோடும் முதியவரோடும் நிம்மதியாக நடக்க முடிகிற ஒரு கடைவீதி சென்னையில் சாத்தியம் என்று அது காட்டியது. கட்ட ஒருமுறை பணம் வந்தது. பெயர்ந்த கல்லை மாற்றவும் நடைபாதையில் ஏறும் பைக்கைத் தடுக்கவும் தினந்தோறும் ஆள் வேண்டும், ஆண்டுதோறும் பணம் வேண்டும். திறப்பு விழாவுக்குப் பிந்தைய அந்த நீண்ட காலத்துக்குத்தான் வணிக வட்டாரம் பயன்படும்.

தனித் தொகை கட்டி ஒரு சாலையைப் பயன்படுத்துவதும் இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. ராஜீவ் காந்தி சாலையின் சுங்கச் சாவடிகளில் ஆண்டுக்கணக்கில் கட்டணம் கட்டியவர்கள் இந்த வட்டாரத்துக்காரர்கள். மெட்ரோ பணிக்காக 2021இல் பல சாவடிகளிலும், நாவலூரில் 2023 அக்டோபரிலும் வசூல் நின்றது.

இன்று மேடவாக்கத்து வணிகர்கள் மனம் வைத்தால் என்ன செய்ய முடியும்? சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவு செய்யலாம், சந்தா வாங்கலாம். அதற்கு மேல் அரசியலமைப்பின் 265ஆம் பிரிவு நிற்கிறது: சட்டத்தின் அதிகாரமின்றி எந்த வரியும் கூடாது. ஊராட்சியின் கையில் வீட்டு வரியும் தொழில் வரியும் இருக்கின்றன. தொழில் வரிக்கு அரசியலமைப்பே ஆண்டுக்கு ₹2,500 என்று உச்சம் வைத்திருக்கிறது. ஒரு தெருவுக்கு மட்டும் கூடுதல் விகிதம் போட்டு, அதைத் தனிக் கணக்கில் வைத்து, வணிகர் குழுவிடம் கொடுக்கும் ஏற்பாட்டுக்குத் தமிழ்நாட்டின் ஊராட்சிச் சட்டத்தில் தனி அத்தியாயம் இல்லை. ஆண்டுதோறும் மே 5 வணிகர் தின மாநாடுகளில் ஜிஎஸ்டி, ஆன்லைன் வணிகம், மாமூல் என்று கோரிக்கைகள் எழுகின்றன. நம் தெருவுக்கு நாமே வரி போட்டுக்கொள்ள அதிகாரம் கொடுங்கள் என்ற கோரிக்கையும் அந்த மேடைகளில் ஒலிக்க வேண்டும்.

இந்த முறைக்கு எதிரான குரல்களைக் கேட்காமல் அதைப் பரிந்துரைப்பது நேர்மையாகாது. கேப் டவுனில் 2000இலிருந்து நகர மையத்தில் இது நடக்கிறது. தெரு சுத்தமானது, பாதுகாப்பு கூடியது. கூடவே, வீடற்ற ஏழைகளைத் தனியார் காவலாளிகள் விரட்டுகிறார்கள் என்ற புகாரும் எழுந்தது. பணம் கட்டுகிறவர்களுக்கு மட்டும் வாக்கு என்றால், பணம் கட்டாதவர்கள் தெருவில் நிற்கும் உரிமையையே இழக்க நேரிடும். நம் ஊரில் அந்த ஆபத்து தள்ளுவண்டிக்காரர்மேலும், பூக்கட்டி விற்கும் பெண்மேலும், பிளாட்பாரத்தில் காய் பரப்பியிருப்பவர்மேலும்தான் முதலில் விழும். ‘சுத்தம்’ என்று தொடங்கி அவர்களை அப்புறப்படுத்துவதில் முடிந்துவிடும்.

2014ஆம் ஆண்டுத் தெரு வியாபாரிகள் சட்டம் இங்கே வழிகாட்டுகிறது. நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீத இடம் தெரு வியாபாரிகளுக்கு, அதில் மூன்றில் ஒன்று பெண்களுக்கு என்கிறது அது. அந்தச் சட்டம் நகரங்களுக்கானது. ஊராட்சியாக இருக்கும்வரை மேடவாக்கத்துக்கு அதன் கவசம் கிடைப்பது கடினம். ஆகவே வட்டாரத்தின் விதிகளிலேயே அவர்களுக்கான இடத்தை எழுதிவைக்க வேண்டும். ஷட்டர் கடைக்காரரும் இதை எதிர்க்கக் காரணமில்லை. மாலையில் பூவும் காயும் வாங்க வரும் கூட்டம்தான் அவர் கடைக்குள்ளும் எட்டிப்பார்க்கிறது.

அடுத்த ஆபத்து இன்னும் சத்தமில்லாதது. வணிகர்கள் பெருக்க ஆள் வைத்ததும், ஊராட்சி தன் ஆட்களை வேறு தெருவுக்கு அனுப்பிவிடும். அப்போது வணிகர் கட்டியது கூடுதல் சேவைக்கான பணம் ஆகாது. ஏற்கெனவே வரி கட்டி வாங்கிய சேவைக்கு இரண்டாம் முறை கட்டியதாகிவிடும். இங்கிலாந்தில் இதற்கு ஒரு தடுப்பு இருக்கிறது. வாக்கெடுப்புக்கு முன்பே, உள்ளாட்சி அந்த எல்லைக்குள் இப்போது என்னென்ன செய்கிறது என்பது திட்ட அறிக்கையில் எழுதப்பட வேண்டும். வட்டாரம் செய்வது அதற்கு மேல்.

மேடவாக்கத்தில் தொடங்க வேண்டிய இடமும் அதுதான். சட்டத் திருத்தம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இரண்டு மெட்ரோ நிலையங்களுக்கு நடுவில் எல்லை போட்டு, எந்தத் தெருவிளக்கு யாருடைய பொறுப்பு, மெயின் ரோட்டில் ஊராட்சியின் தூய்மைப் பணியாளர் எத்தனை பேர், எந்த நேரம், மழைநீர் வடிகாலைத் தூர்வாருவது நெடுஞ்சாலைத் துறையா ஊராட்சியா, மெட்ரோ வேலை முடிந்ததும் நடைபாதையை எந்த அகலத்தில் திருப்பிக் கொடுப்பார்கள் என்று ஒவ்வொரு துறையிடமும் எழுத்தில் கேட்டு வாங்கலாம். தகவல் உரிமைச் சட்டத்தில் மனுவுக்குப் பத்து ரூபாய் கட்டணம்தான். பதில்களை ஒரே தாளில் தொகுத்து எல்லாக் கடையிலும் ஒட்டினால், அந்த வீதியின் முதல் வரவு-செலவுக் கூட்டத்துக்குத் தேவையான ஆவணம் தயாராகிவிடும்.